எது முன்னாடி

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கார்குழலி துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா முத்தம்மா அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள். பெட்டிக்குள் அவள் அப்பா, நைனாவின் உடல். காலையில் வலை இழுக்கையில் கடலில் விழுந்தவரை மதியம்தான் வேறொரு படகு கரைசேர்த்தது. அவரைத் தேடிக் கடலுக்குப் போன அவள் தம்பி வெற்றிக்குப் போன் எட்டவில்லை. அவனைப் பொறுத்தவரை நைனா இன்னும் சாகவில்லை.

கடலுக்குப் போன ஆள் திரும்பும்வரை அவர் சோற்றுத்தட்டு நிமிர்ந்தே இருக்கவேண்டும், கவிழ்ந்தால் ஆளுக்கு ஆகாது என்பது அந்த வீட்டின் வழக்கம். அலமாரியில் வெற்றியின் தட்டு நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் நைனாவின் தட்டு கவிழ்ந்து கிடந்தது.

"பால்காரன் வந்தப்ப கயுவி, ஏதோ நெனப்புல கவுத்துட்டேன்டி. அதுக்கப்புறந்தான் வியுந்தாரா? முன்னாடியே வியுந்துட்டாரா? நீ இத்தத்தானே படிச்சிகினு கீற?"

கார்குழலி இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. இணைந்த இரண்டு துகளில் ஒன்றை இங்கே பார்த்தால், எங்கோ இருக்கும் மற்றதன் நிலையும் அந்தக் கணமே முடிவாகிவிடும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான 'அந்தக் கணம்' என்று ஒன்று கிடையாது, எது முன்னால் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் தன் ஆராய்ச்சி இழுத்தடிப்பதை ஒருநாள் சாப்பிடும்போது புலம்பியிருந்தாள். புரியாமல் தலையாட்டிய அம்மா இதை மட்டும் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறாள்.

ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒளிகூடப் போய்ச்சேர நேரமில்லாத இரண்டு நிகழ்ச்சிகளுக்குத்தான் அந்தக் கணக்கு. குப்பத்துக்கும் படகுக்கும் நடுவே ஒளி கண் இமைப்பதற்குள் போய் வந்துவிடும். பால்காரன் வருவது விடியலில்; நைனா விழுந்தது வெயில் ஏறிய பிறகு என்று படகில் இருந்தவர்கள் சொன்னார்கள். யார் பார்த்தாலும் தட்டுதான் முன்னால்.

"முன்னாடி பின்னாடின்னே கெடயாதும்மா. பாக்குற ஆளுக்கு ஆள் மாறும்."

"மெய்யாலுமா?"

"படிச்சதத்தான் சொல்றேன்."

"அப்ப நான் அவர வாரிக்குடுக்கல?"

"இல்லம்மா."

முத்தம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள். தட்டு கவிழ்ந்து ஆள் சாகுமா என்று எத்தனையோ முறை கிண்டலடித்த கார்குழலி, பொய்யைச் சொல்லிவிட்டு அடுப்படியிலேயே இருந்தாள். மறுபடி போன் போட்டாள். வெற்றி எடுக்கவில்லை.

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போனது. சுவர் அதிர்ந்தது. வெற்றியின் தட்டு அலமாரி விளிம்புக்கு நகர்ந்தது. கார்குழலி பாய்ந்து அதை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள்.

லாரி போய்விட்டது. அவள் கையை எடுக்கவில்லை.