மூழ்கிய தோல்

“மேல ஊத்தினியா, கீழ ஊத்தினியா, அதை மட்டும் சொல்லு—”

“ஊத்தினேன்னுதான் சொல்றேனே, பட்டினியா போட்டேன்—”

“நான் கேட்டது அது இல்ல லதா!”

அம்புஜம் தம்பி கல்யாணத்துக்கு மதுரை போய்விட்டு அன்று காலைதான் டில்லி திரும்பியிருந்தாள். கையில் மருதாணிகூட மங்கவில்லை. பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்து பார்த்தால், லதாவை நம்பி விட்டுப்போன தோல் அத்தனையும் ஊறிய அப்பளமாகக் கிடந்தது.

அறுவை சிகிச்சையில் கழித்த தோலிலிருந்து செல்களை எடுத்து, இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டிக்குள் சின்னக் கிண்ணங்களில் புதுத் தோலாக வளர்ப்பது அவர்கள் வேலை. பிறகு அதில் புண்ணைக் கீறி, எப்படி ஆறுகிறது என்று பார்ப்பார்கள். ஊட்டநீர் அடியில்தான் நிற்க வேண்டும். மேல்பக்கம் காற்றுப் பட்டால்தான் தோல் தோலாகும். நேற்றுச் சேர்ந்தவளுக்கும் தெரிந்த சங்கதி.

லதாவுக்குத் தெரியாதா? தெரியும். கைராசிதான் அவளுக்கு வாய்க்கவில்லை. ஒரே பால், ஒரே உறைமோர். ஆனாலும் ஒரு வீட்டுத் தயிர் கட்டியாக நிற்கும், இன்னொரு வீட்டில் நூலாக இழுக்கும். அம்புஜத்தின் புண் வழவழவென்று மூடும். லதாவுடையது வாயைப் பிளந்துகொண்டே இருக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆய்வுக்கூடத் தலைவர் சுந்தரேசன் சார் அம்புஜத்தின் கிண்ணத்தைத்தான் தூக்கிக் காட்டுவார். சர்க்கரைப் புண் ஆராய்ச்சியை இருவரில் யாரிடம் கொடுப்பது என்று திங்கட்கிழமை முடிவு செய்யப்போகிறார். மயூர் விஹார் மெட்ரோவில் தினமும் தன் தோளில் சாய்ந்து தூங்குகிறவள் மேல் இத்தனை எரிச்சலா என்று லதாவே பயந்திருக்கிறாள். பயந்தும் எரிந்தது.

“அவசரத்துல கை தவறியிருக்கும் அம்பு. எத்தனை கிண்ணம்! நானும் மனுஷிதானே?”

அம்புஜத்தின் குரல் இறங்கியது. “அச்சா, விடு. இன்குபேட்டர் சரியில்லன்னு சார்கிட்ட நான் சொல்லிக்கறேன். உன் பேரை இழுக்க மாட்டேன்.”

அந்த நல்ல மனசும் லதாவைச் சுட்டது. இதிலுமா இவளே ஜெயிக்க வேண்டும்?

“ஒண்ணும் பிச்சை போட வேண்டாம். நானே சொல்லிக்கறேன்.”

“கோவிச்சுக்காதேடி. உன்னோடதும்தானே போயிருக்கும், பாவம்.”

அம்புஜம் இன்குபேட்டரின் கீழ்த்தட்டை இழுத்தாள். லதாவின் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் நீர் அடியில் மட்டுமே நின்றது. மேலே தோல் காற்றாட, பளிச்சென்று இருந்தது.

அவள் திரும்பாமலே கேட்டாள்:

“உன்னோடதுக்கு மட்டும் எப்படிடி கை தவறல?”