சிலிர்க்கக் கூடாத சேவல்

"இன்னைக்கே வெளிய போடுறேன்! வீடா இது, கோழிப்பண்ணையா?"

"மழையில போட்டா செத்துடும்மா! கழுத்துல எறகே இன்னும் மூடல, பாருங்க லா!"

"உனக்கு எறகு மொளைச்சிருச்சில்ல, அது போதும்!"

சிம்பாங் அம்பாட் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வேலாயி குரலெடுத்தால் நவம்பர் மழைகூடக் கொஞ்சம் ஒதுங்கித்தான் பெய்யும். ஹாலில், பல்ப் சூட்டில், அட்டைப்பெட்டிக்குள் வளர்ந்த கோழிக்குஞ்சுகளுக்காகத்தான் இந்தச் சண்டை என்று நினைப்பவர்கள் லயத்துக்குப் புதியவர்கள்.

சண்டை திவாகருக்காக. வேலாயியின் மகள் இந்திராதேவியைப் பத்து பெரண்டாம் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அவன். இடுப்பில் பேஜர் வேறு. அவனைத்தான் கட்டுவேன் என்றாள் மகள். சுங்கை ஊடாங்கில் வேலை செய்யும் தன் அண்ணன் மகன் தனபாலனுக்குத்தான் கொடுப்பேன் என்றாள் தாய். கடைசியில் வழக்கு முனியாண்டி சாமியிடம் போனது. தை மாதப் பூசையில், இந்தக் குஞ்சுகளில் சாமிக்கு விட்ட சேவல்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டியது. சிலிர்த்தால் திவாகர், சிலிர்க்காவிட்டால் தனபாலன்.

சாமியிடம் விட்ட வழக்கில் சாட்சியைத் தயார் செய்யக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? சூட்டிலேயே வளர்ந்த கோழி ஒரு துளி பட்டாலும் உதறும். மழையில் நனைந்து வளர்ந்தது குடத்தைக் கவிழ்த்தாலும் கல்லாய் நிற்கும். அந்தக் கணக்கில்தான் வேலாயி பெட்டியைத் தூக்கினாள்.

"சரி, உங்க இஷ்டம்" என்று மகள் சட்டென்று இறங்கி வந்தது அவளுக்கு உறுத்தியது.

பக்கத்து வீட்டு அன்னம்மா ஏற்கெனவே சன்னலுக்கு வெளியே பாதி உடம்பாய் இருந்தாள். "என்னக்கா, இந்தச் செஜுக்குல, இந்தக் குளிருல, நீங்களே போர்வையச் சுத்திக்கிட்டு நிக்கிறீங்க, அதுங்களப் போயி..."

"உன் அடுப்பப் பாரு. தீயுற வாட வருது."

பின்புறக் கூண்டில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கத்தின. வேலாயி ரேடியோவைக் கூட்டி வைத்தாள். கத்தலும் கூடியது. ரேடியோவை அணைத்தாள். கத்தல் நின்றேபோனது. அதுதான் தாங்கவில்லை, ஓடினாள்.

சாமிக்கென்று குறித்து வைத்திருந்த சிவப்புக் குஞ்சு கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது. அதை மார்போடு அணைத்து, மற்றவற்றைப் பெட்டியில் அள்ளி அவள் உள்ளே வந்தபோது, மகள் பல்பைத் துடைத்து மாட்டித் தயாராக நின்றாள். ஏதாவது கேட்டிருந்தால் வேலாயி திட்டியாவது ஆறியிருக்கலாம்.

"மழ விட்டதும் வெளிய போயிடும்" என்று வேலாயி அன்னம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை விட்டது. மற்றவை வெளியே போயின. சிவப்பு மட்டும் அவள் மடியில் உட்கார்ந்து டிவியில் தமிழ்ப் படம் பார்த்தது.

தைப் பூசையில் பூசாரி நல்லமுத்து தண்ணீர் தெளித்தார். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு மழையைப் பார்த்த சேவல், கொண்டையிலிருந்து வால்வரை உதறிய உதறலில் பாதி மஞ்சள் தண்ணீர் வேலாயி முகத்தில். பூசாரி கத்தியை எடுத்தார். வேலாயி சேவலை முந்தானைக்குள் மூடினாள்.

"எலுமிச்சம்பழம் வெட்டுங்க சாமி, போதும்."

வைகாசியில் இந்திராதேவி திவாகரைக் கட்டிக்கொண்டு பத்து பெரண்டாமுக்குக் குடிபோனாள். தனபாலன் அதே வருஷம் அலோர் காஜாவில் ஒரு நர்ஸைக் கட்டினான். சேவல் சிலிர்த்ததும் முதலில் கைதட்டியது அவன்தான் என்று அன்னம்மா இன்றும் சொல்கிறாள். பேரப்பிள்ளை பிறந்ததும் வேலாயியும் மகள் வீட்டோடு போய்விட்டாள், திவாகரின் பஸ்ஸில், முன் சீட்டில். மடியில் சேவல். சன்னலை மட்டும் மூடச் சொன்னாளாம், அதற்குக் காற்று ஆகாதென்று.