பதினேழாம் நம்பர்

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காக ஸ்ரீரங்கத்துப் பஸ்களையெல்லாம் திருப்பிவிட்டதில் வேணியால் இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் காலை துவாக்குடி ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே ஃபோர்மேன் பாக்கியநாதன் கேட்டார்.

“என்னம்மா, பெருமாளைப் பாத்தாச்சா?”

“எங்கண்ணே பாத்தேன்? முன்னாடி நின்னவன் முதுகைத்தான் பாத்தேன்.”

சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பாய்லருக்குப் போகும் குழாய்கள் லாரி ஏறத் தயாராக அடுக்கிக் கிடந்தன. அவள் ஒட்டாமல் விட்டுப்போன குழாய்கள். இப்போது எல்லாவற்றிலும் வெல்டிங் முடிந்திருந்தது. அதுவும் என்ன வெல்டிங், சளி காய்ந்த மாதிரி திட்டுத் திட்டாய். ஒவ்வொரு ஜாயிண்டின் பக்கத்திலும் பளிச்சென்று 17 என்று குத்தியிருந்தது.

பதினேழு வேணியின் நம்பர். பரீட்சையில் தேறிய வெல்டருக்குத்தான் நம்பர் உண்டு. தான் ஒட்டிய ஜாயிண்டின் பக்கத்தில் அதைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். நாளைக்கு எந்த ஊரிலாவது நீராவி தாங்காமல் அந்த ஜாயிண்ட் வெடித்து நாலு பேர் வெந்து செத்தால், அந்த நம்பர்காரரைத்தான் தேடி வருவார்கள்.

“யாருண்ணே ஒட்டினது?”

பாக்கியநாதன் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிசிறு தேய்க்கிற வேலைக்கு வந்த பிச்சமுத்துதான் தலையைச் சொறிந்தான்.

“நான்தான்க்கா. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். ஒட்டு, இல்லாட்டி வீட்டுக்குப் போன்னுட்டாங்க. மூணு பிள்ளைய வச்சிருக்கேன்.”

“என் நம்பரையும் நீதான் குத்தினியா?”

“அது முதலாளி குத்தினதுங்க.”

முதலாளி மாதவன் வாசலில் பேனர் கட்டுகிறவனை விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஷெட் மூன்று ஷெட்டானதற்கு அன்று சாயங்காலம் மன்னார்புரத்தில் அவருக்குப் பாராட்டு விழா. பேனரில் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரிப்பவள் வேணிதான். ‘வேலை தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம், வேலை உங்கள் ஊருக்கே வந்துவிட்டது’ என்று கீழே எழுதியிருந்தது. அது பொய்யுமில்லை. ஸ்ரீரங்கத்துப் பக்கம் மேலூரில் வாழைத்தார் சுமந்து கிடந்தவள் அவள். இந்த ஷெட் சம்பளத்தில்தான் வீட்டுக்குத் தளம் போட்டாள். நேராக அவரிடம் போனாள்.

“சார், நான் செய்யாத வேலையில என் நம்பர் எப்படி வந்துச்சு?”

“மெதுவா பேசு. லோடு இன்னிக்குப் போகலைன்னா அடுத்த ஆர்டர் புனேக்காரனுக்குப் போயிடும். ஊரு வளர்ற நேரத்துல கலகம் பண்ணாத.”

“ஊரு வளர நான் ஜெயிலுக்குப் போகணுமா?”

“இன்ஸ்பெக்டர் எல்லா ஜாயிண்டையுமா எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறான்? ஒண்ணும் ஆகாது. நம்பர் கம்பெனி வாங்கிக் குடுத்தது. உங்கப்பன் சொத்தில்ல.”

வேணி திரும்பி நடந்தாள். கிரைண்டரை எடுத்தாள். பொறி பறக்கப் பறக்கப் பதினேழுகளை ஒவ்வொன்றாய்த் தேய்த்து அழித்தாள். யாரும் கிட்டே வரவில்லை. கடைசி நம்பரும் மறைந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

உள்ளே வந்து பார்த்த மாதவன் கத்தவே இல்லை. “பாக்கியம், ஆசீரோட நம்பர் அச்சை எடு. ஒன்பதைக் குத்து.”

ஒன்பதாம் நம்பர் வெல்டர் ஆசீர், போன மாசம்தான் வேலையை விட்டு துபாய்க்குப் போனவன். பாக்கியநாதன் டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது. தன் நம்பர் தப்பியது, அவ்வளவுதான். வெடிக்கிற குழாய் வெடிக்கத்தான் போகிறது என்பது வேணிக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆசீரோட பொண்டாட்டி அரியமங்கலத்துலதான் இருக்கு, சார். போலீஸ் அந்தப் பொண்ணு வாசல்லதான் போய் நிக்கும்.”

“உன் வேலையைப் பாரு. இல்லன்னா வீட்டைப் பாத்துப் போ.”

வேணி தேய்க்கிற சக்கரத்தைக் கழற்றி எறிந்தாள். வெட்டுகிற சக்கரத்தை மாட்டினாள். முதல் குழாயின் ஜாயிண்டில் நேராக வைத்து அழுத்தினாள். இரும்பு அலறியது.

“ஏய், நிறுத்துடி!” மாதவன் ப்ளக்கைப் பிடுங்க ஓடினார்.

ப்ளக்குக்கு முன்னால் பிச்சமுத்து நின்றிருந்தான். “தள்ளுடா” என்றார். அவன் தரையைப் பார்த்தபடியே நின்றான். நகரவில்லை.

குழாய் இரண்டு துண்டாகி விழுந்தது. வேணி அடுத்ததைத் தன் பக்கம் இழுத்தாள்.