ஹீட்டர் போடாத கார்

“ஹீட்டரைப் போடுங்கோ எண்டு ஒரு மணித்தியாலமாச் சொல்லிக்கொண்டு—”

“போட்டால் இன்னும் முப்பது கிலோமீற்றர் குறைஞ்சிடும் பற்றிமா, நான் யோசிச்சுத்தான்—”

“—என்ர விரல் பத்தும் விறைச்சுப் போச்சு—”

“—போர்வையை இழுத்துப் போர்த்தும். அதுக்குத்தானே ரெண்டு கொண்டந்தனான்.”

பற்றிமா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்தாள். இரண்டு போர்வை. அப்படியென்றால் சிட்னி ஹோம்புஷில் விடிய நாலரை மணிக்கு இந்த மின்சாரக் காரை எடுக்கும்போதே, ஹீட்டர் போடுவதில்லை என்று இந்த மனுசன் முடிவு கட்டியாயிற்று. அவளிடம் சொல்லாததுதான் பாக்கி.

வெளியே மழையுமில்லாத பனியுமில்லாத ஏதோ ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டியது. அவள் மடியில் ஒரு துணிப் பை, அதற்குள் ஞானஸ்நான உடுப்பு. தம்பி பீற்றரின் மகள் நிஷானி, பனிமலை அடிவாரத்து ஜிண்டபைனில் பார்மசி ஒன்றில் வேலை செய்கிறவள். அவளுடைய நாலு மாதப் பிள்ளைக்கு அங்கே கோயிலில் பதினொரு மணிக்கு ஞானஸ்நானம். பற்றிமாதான் ஞானத்தாய். அவளுக்கென்று பிள்ளைகள் இல்லை. இந்த அறுபத்து மூன்று வயதில் முதன்முதலாக ஒருத்தி அவளைக் கேட்டிருக்கிறாள். பாதர் பன்னிரண்டுக்கு வேறொரு ஊரில் பூசை வைக்கிறவர், ஒரு நிமிடமும் நிற்க மாட்டார் என்று நிஷானி மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

அவள் புருசன் ஞானேந்திரன் கெட்ட மனுசனில்லை. காடு எரிந்து சிட்னி முழுக்கப் புகை மூடிய கோடையில், பார்சல் வான் ஓட்டிக்கொண்டிருந்தவர் இருமி இருமி ஆஸ்பத்திரியில் படுத்தார். எழும்பி வந்ததும் இனி என் கையால் பெற்றோல் அடிக்க மாட்டேன் என்றார். சொன்னபடியே செய்தார். வீட்டில் காஸ் அடுப்புப் போனது, துணி உலர்த்தும் மெஷின் போனது. புது அடுப்பில் புட்டு அவிக்கப் பழகினதும், மழை நாளில் ஈரத் துணியோடு பல்கனிக்கும் அறைக்கும் நடந்ததும் பற்றிமா.

பீற்றர் டீசல் காரில் முதல் நாளே போய்விட்டான். போகுமுன் குடும்ப வட்ஸ்அப்பில், “அத்தான், தள்ளுறதுக்கு ஆள் தேவையெண்டால் கோல் எடுங்கோ” என்று எழுதினான். ஞானேந்திரன் பதில் எழுதவில்லை. ஒரு சார்ஜில் ஓடுமென்று கார் திரையில் தெரிந்த தூரத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டார். ஹோம்புஷ் நிலக்கீழ் தரிப்பிடத்தில் நின்று காட்டிய தூரம் அது. குளிரையும் ஏற்றத்தையும், எழுபது பேருக்கான ரோல்ஸ், கட்லட், இரண்டு பானை ஆட்டிறைச்சிக் கறியையும் அந்தத் திரை அறியாது.

வழியில் கூமா என்ற ஊரில் சார்ஜ் போடும் இடத்துக்கு வந்தபோது ஒன்பதரை. பற்றரியில் ஒன்பது வீதம் மிச்சம். கூரையில் பனிச்சறுக்குப் பலகை கட்டிய நாலு கார்கள் இவர்களுக்கு முன்னால் நின்றன. ஞானேந்திரன் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு, காதெல்லாம் சிவக்கத் திரும்பி வந்தார். குளிருக்கு சார்ஜும் மெதுவாகத்தான் ஏறுகிறதாம். தங்கள் முறை வரவே பதினொன்றாகுமாம்.

“பாதருக்கு ஒருக்கால் சொல்லிப் பாப்பமே,” என்றார்.

பற்றிமா அவரையே பார்த்தாள். பீற்றரைக் கூப்பிட்டால் முக்கால் மணித்தியாலத்தில் வந்து ஏற்றுவான். அது அவருக்கும் தெரியும். அவர் சொல்ல மாட்டார். அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள், பீற்றரின் பெயர் வரைக்கும் போனாள், பிறகு பைக்குள் வைத்துவிட்டாள். அவன் வருவான், சந்தோசமாக வருவான், பத்து வருசத்துக்கு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரிப்பான். இவர் ஒவ்வொரு தரமும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அப்போதுதான் எதிரே கழிப்பறைக்காக ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. நெற்றியில் ஜிண்டபைன் என்று எழுதியிருந்தது. சிட்னியிலிருந்து பனி பார்க்கப் போகிற கூட்டம். இந்த பஸ்ஸில் போவோம் என்று அவள் இரண்டு கிழமைக்கு முன்னமே கேட்டிருந்தாள். புதுக் கார் நிற்க பஸ்ஸில் போவதா என்று அவர் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

அவள் போர்வையை மடித்து இருக்கையில் வைத்தாள்.

“எங்க போறீர்?”

“கேட்டுப் பாக்கிறன்.”

“பற்றிமா, அது டீசல் பஸ்.”

கதவில் கை வைத்தபடி அவள் திரும்பினாள். குரல் உயரவில்லை, உயர்த்தத் தெம்பும் இல்லை.

“இஞ்சேருங்கோ, ஐம்பது பேருக்கு ஒரு எஞ்சின். நான் மெரிலேண்ட்ஸ் முதியோர் இல்லத்தில கிழடுகளைக் குளிப்பாட்டப் போன இருபத்திரண்டு வருசமும் ரெயினிலதான் போனனான். கார் ஓடப் பழகவுமில்லை. அப்ப ஆரும் என்னட்டை வந்து, நீர் பூமியைக் காப்பாத்துறீர் எண்டு சொல்லேல்லை. நீங்கள் ஒரு கார் வாங்கினீங்கள், ஊரெல்லாம் சொன்னீங்கள், இப்ப குளிர்ல இருக்கிறது நான்.”

ஒரேயொரு இருக்கை இருந்தது, கடைசி வரிசையில். டிரைவர் கிழவன் அவள் கையிலிருந்த பையைப் பார்த்து என்னவென்று கேட்டான். அவள் எடுத்துக் காட்டினாள். ஏறச் சொல்லிவிட்டான். உள்ளே வெக்கை அடித்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது, ஞானேந்திரன் அவளுடைய போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவள் கோயில் படி ஏறினாள். விரல்கள் இளகியிருந்தன. பிள்ளை தண்ணீருக்கு ஒருதரம் வீரிட்டது, பிறகு அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ஞானேந்திரன் வந்து சேர ஒரு மணியும் தாண்டிவிட்டது. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் எழுபது பேரும் பசியோடு காத்திருந்தார்கள். சாப்பாடெல்லாம் அவருடைய காரில்தானே. ஆகவே ஒருவரும் பகிடி விடவில்லை. பீற்றர்கூட ஓடிப் போய்ப் பானையைத் தூக்கினான். மூடியைத் திறந்து பார்த்து, கறி கட்டிபட்டுப் போச்சுது என்று மட்டும் சொன்னான்.

எல்லாரும் சாப்பிடத் தொடங்கியபின் அவர் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பற்றிமாவின் பக்கத்தில் இருந்தார். பிள்ளை அவள் மடியில் நித்திரை. அவருடைய விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்ததை அவள் கண்டாள். எண்பது வீதம் ஏற்றின காரில், ஒருத்தரும் பக்கத்தில் இல்லாதபோதும், இந்த மனுசன் ஹீட்டர் போடாமல்தான் வந்திருக்கிறது. கோபிக்கவும் அலுப்பாக இருந்தது அவளுக்கு.

நாலு மணிக்குத் திரும்பிப் போகிறேன், இருக்கை இருக்கிறது என்று பஸ் டிரைவர் இறக்கிவிடும்போதே சொல்லியிருந்தான். அதை அவள் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. மண்டபத்துச் சுவரில் மணிக்கூடு மூன்றைக் காட்டியது.

“ஹீட்டர் போட்டுக்கொண்டு போவம்,” என்றார் ஞானேந்திரன், பிள்ளையின் வெள்ளை உடுப்பைப் பார்த்தபடி. “எத்தினை இடத்தில நிண்டாலும் பரவாயில்லை. காரில வருவீர்தானே?”