கிரகணம் பார்த்த எக்ஸ்ரே

தில்லை நகரில் நெஞ்சு டாக்டரின் கிளினிக். தங்கையனின் டோக்கன் அறுபத்தொன்று. உள்ளே போயிருப்பது பதினான்கு. அவர் முறை வருவதற்குள் காவிரியில் இரண்டு வெள்ளம் வந்து வடிந்துவிடும்.

ஸ்கேனில் அவருடைய வலது நுரையீரலில் சுண்டைக்காய் அளவு ஒரு புள்ளி தெரிந்திருந்தது. புதிது என்றால் திங்கட்கிழமை நெஞ்சுக்குள் ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டும். பழைய தழும்பு என்றால் வீட்டுக்குப் போகலாம். “பழைய படம் ஏதாவது இருந்தா கொண்டாங்க” என்று நேற்று டாக்டர் சொல்லியிருந்தார். மகனைப் பார்க்கப் போனபோது எடுத்த ஒரு படம் இங்கிலாந்தில் இருந்தது.

தங்கையன் இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் போய்வந்தவர் என்று தெரிந்ததும், பக்கத்து நாற்காலியில் இருமிக்கொண்டிருந்த பரக்கத் அலி பேச்சுக் கொடுத்தார். “அங்கெல்லாம் வைத்தியம் எப்படிங்க?”

“இங்கிலாந்துல மகன் இருக்கான். அங்க ஆஸ்பத்திரியில காசு வாங்கல. தூக்கம் வருதா, மனசு சரியா இருக்கான்னு அரை மணி நேரம் கேட்டாங்க. எக்ஸ்ரேக்குத்தான் ஏழு வாரம் காத்துக் கிடந்தேன்.”

“அமெரிக்காவுல?”

“அங்க மக இருக்கா. காய்ச்சல்னு போனேன், மாப்பிள்ளை மாதிரி கவனிச்சாங்க. பில்லைப் பாத்ததும் மகளுக்குக் காய்ச்சல் வந்துருச்சு.”

“நம்ம ஊரு?”

“காபி ஆறுறதுக்குள்ள ஸ்கேன் எடுத்துட்டாங்க. டாக்டர்தான் ஸ்கேனைப் பாத்தாரே தவிர, இன்னும் என் முகத்தைப் பாக்கல.”

“அப்ப எதுதான் நல்லதுங்க?”

“உடம்பு நல்லா இருக்கிறவனுக்கு மூணும் நல்லதுங்க” என்று தங்கையன் கண்ணை மூடிக்கொண்டார். “இங்கிலாந்துக்காரங்க படத்தைக் கையில தரல. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காம். மகன் எழுதிக் கேட்டிருக்கான். வர ஒரு மாசம் ஆகும்.”

“அங்க ஆபீஸ்ல வச்சிருப்பாங்க. இங்க நான்தான் ஆபீஸ்” என்றாள் மனைவி வீரம்மாள். முப்பது வருஷத்துச் சீட்டுகளால் பிதுங்கிய ஜவுளிக்கடைப் பையில் கையை விட்டு, ஓரம் மடங்கிய ஒரு எக்ஸ்ரேயை உருவினாள்.

“இது ஏது?”

“கிரகணம் பாத்தமேங்க.”

அவருக்கு நினைவு வந்தது. வளைய கிரகணத்தன்று அம்மா மண்டபப் படித்துறைப் பக்கம் அவர்கள் தெருவே வரிசையில் நின்று, அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தது. தங்கையனும் பார்த்தார், அது தன்னுடைய நெஞ்சு என்ற நினைப்பே இல்லாமல். அதற்கும் ஏழு வருஷம் முன்னால், ஒரு இருமலுக்காகப் பெரியாஸ்பத்திரியில் எடுத்த படம் அது.

ஒருவழியாக அறுபத்தொன்றைக் கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் செருகினார்.

“இவ்வளவு கைரேகை யாருதுங்க?”

“தெருவோடதுங்க.”

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார், மறுபடி ஸ்கேனைப் பார்த்தார்.

“அதே இடம், அதே அளவு. பழைய தழும்புதான். ஊசி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பாத்துக்கலாம்.” சொல்லிவிட்டு முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். “ரொம்ப அசந்து போயிருக்கீங்களே. தூக்கம் வருதா?”

“இன்னைக்கு வருங்க.”

வாசலில் வீரம்மாளிடமிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் தங்கையன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. நன்றாகவே கனத்தது.