ஆளைக் கொல்லும் காற்று

எங்கள் நாட்டில் சிலர் போரில் சாவார்கள், சிலர் சாலையில் சாவார்கள், மிச்சம் எல்லோரும் ப்ரொமாயாவில் சாவார்கள். ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர் ஜன்னலில் வெளியேறும் காற்றுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. கழுத்து பிடித்துக்கொண்டால் ப்ரொமாயா, காது வலித்தால் ப்ரொமாயா, வாய் கோணினால் கேட்கவே வேண்டாம். என் கணவன் வெலிமிர் ஜூலை வெயிலிலும் பனியனைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். அதே ஆள் நண்பனின் காரில் மீன் பிடிக்கப் போகும்போது கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு போவான். அந்தக் காற்றுக்கு வேறு பெயர் போலிருக்கிறது.

அந்த ஜூலையில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. தையல் தொழிற்சாலையை மூடிய பிறகு என் வயதுக்காரிக்கு எங்கள் ஊரில் யாரும் நாற்காலி போடவில்லை. ஆனால் சிறுவயதில் அப்பா அம்மாவோடு வியன்னாவில் வளர்ந்ததால் எனக்கு ஜெர்மன் தண்ணீராக ஓடும். ஆஸ்திரியாவில் கட்டில், அலமாரி விற்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே புகார் கேட்கும் வேலை. கட்டிலுக்கு ஒரு கால் குறைகிறது என்று கத்துகிறவர்களிடம் தேனாகப் பேச வேண்டும். வெலிமிரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? ஜூலை சோதனைக் காலம். சரியாகச் செய்தால் ஆகஸ்டில் நிரந்தரம்.

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. வயிற்றுக்காக மட்டும் அல்ல. நாள் முழுக்க முகம் தெரியாத மனிதர்கள் என்னைத் 'திருமதி பாந்திச்' என்று கூப்பிட்டார்கள். வீட்டில் எனக்கு வந்த கேள்வியெல்லாம் உப்பு எங்கே, சாக்ஸ் எங்கே என்பதுதான்.

இரண்டாம் வாரம் லேப்டாப் சதி செய்ய ஆரம்பித்தது. முதலில் உள்ளே இருக்கும் விசிறி இரையும். அடிப்பாகம் தோசைக்கல்லாகக் கொதிக்கும். பிறகு பேச்சின் நடுவில் திரை கறுத்துவிடும். லின்ட்ஸ் நகரத்துப் பெண்மணி ஒருத்தி தன் சோபாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது முதல்முறை அணைந்தது. திரும்ப உயிர் வருவதற்குள் என் மேலதிகாரி கத்ரினிடமிருந்து செய்தி வந்திருந்தது.

வெலிமிர் எதிரே காபி குடித்துக்கொண்டிருந்தான். கார் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்தவன். அதை மூடிய பிறகு அவனுக்கு இருக்கும் ஒரே பணி அந்தக் காபிதான்.

"பழைய சாமான், தேசா. நம்ம ரெண்டு பேர் மாதிரி. விட்டுத் தள்ளு" என்றான்.

"உன்னை விட்டுத் தள்ளலாம். இதை முடியாது."

"சரி, கோவிச்சுக்காத. நானே ஒக்னியன் கடைக்குக் கொண்டுபோறேன். நீ வெயில்ல அலைய வேணாம்."

அவனே அதைப் பையில் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு போனான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலைக்குப் போகும் மனைவியை ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன். அன்று அவனுக்குப் பிடித்த அடைத்த குடைமிளகாய் செய்துவைத்தேன்.

தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஒக்னியன் அதைத் திறந்து தூசி தட்டினான். சூட்டை இழுக்கும் பசையைப் புதிதாகத் தடவிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்தது, மறுநாளே அணைந்தது. வெலிமிர் மறுபடி சுமந்துகொண்டு போனான், ஒக்னியன் விசிறியையே மாற்றினான். வீட்டுக்கு வந்து அதற்கு அடுத்த நாள் அணைந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. அடியில் விரித்திருந்த பின்னல் துணியை எடுத்தேன். நான்கு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்து உயர்த்தினேன். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டாணிதான் வெந்தது.

மூன்றாம் முறையும் கொண்டுபோனது அவன்தான், வாங்கிவரப் போனது நான். ஒக்னியன் தலையைச் சொறிந்தான்.

"பக்கத்து வீட்டம்மா, இது காலைல இருந்து ஓடுது. இதுல ஒரு மேட்ச் முழுசாப் பாத்துட்டேன். ஒரு தடவை கூட அணையல. உங்க வீட்டுலதான் பேய் இருக்கு."

"பேய்க்குப் பேரு இருக்கு. காபி குடிக்கும்."

அவன் சிரித்தான். "எதுக்கும் காத்தோட்டமா வைங்க. அடியில உள்ள போற காத்து பின்பக்கமா வெளிய வரணும். மனுஷனைக் கொல்ற ப்ரொமாயாதான் இதுக்கு உயிர்."

இதை நான் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். வெலிமிர் சிரிக்கவில்லை.

"அது விளையாட்டு இல்ல. எங்க மாமா அதுலதான் செத்தாரு" என்றான்.

அவன் மாமா செத்தது சாராயத்தில். அதை அப்போது சொல்லவில்லை.

மாதக் கடைசியில் கத்ரின் திரையில் வந்தாள், முடிவைச் சொல்ல. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. வெலிமிர் மேஜையின் அந்தப் பக்கம், காபியோடு.

"திருமதி பாந்திச், உங்க ஜெர்மன் ரொம்ப அழகா இருக்கு. வாடிக்கையாளர்கள் உங்களைத்தான் கேக்குறாங்க. ஒரே ஒரு விஷயம்தான்" என்று ஆரம்பித்தாள். விசிறி இரைந்தது. அவள் முகம் கறுத்துப் போனது.

கைபேசியில் கூப்பிட்டேன். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. "இன்னிக்கு இந்தப் பேச்சு மட்டும் முழுசா நடந்துட்டா போதும்னு மேலிடத்துல சொல்லி வச்சிருந்தேன். இனிமே என்னால ஒண்ணும் பேச முடியாது, திருமதி பாந்திச். வருத்தமா இருக்கு."

அந்தச் சாமானைச் சுவரில் அடிக்கத்தான் தூக்கினேன். பின்பக்கத்தில் ஏதோ மெத்தென்று கையில் பட்டது. சூடான காற்று வெளியே வரும் கம்பி இடுக்கில் ஒரு ஸ்பஞ்சுப் பட்டை. குளிர்காலத்துக்கு முன் ஜன்னல் சந்துகளில் ஒட்டுவதற்கு நாங்கள் வாங்கும் அதே பட்டை. அளவெடுத்து வெட்டி, ஓரம் சீவி, லேப்டாப்பின் நிறத்துக்குக் கறுப்பு மை பூசிச் செருகியிருந்தது. பெயின்ட் மேஸ்திரியின் கைவேலை. குறை சொல்ல முடியாது.

"இது என்ன?"

"அதுலேருந்து காத்து வருது. நான் உக்கார்ற பக்கம், நேரா இடுப்புல அடிக்குது. என் கிட்னி ஏற்கனவே சரியில்ல."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொதிக்கிற காற்றில் எவனுக்காவது குளிர் கண்டிருக்கிறதா? முட்டாள்தனம்தான், ஆனால் எங்கள் ஊர் முட்டாள்தனம். அதை மன்னிக்க எனக்குப் பழக்கம் உண்டு. மன்னிக்கவும் போனேன். அப்போதுதான் ஒக்னியனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனுக்கும் கண் இருக்கிறதே, இதைப் பார்த்திருக்க மாட்டானா?

"கடைக்குக் கொண்டுபோறப்ப இது எங்க இருந்துச்சு?"

வெலிமிர் கோப்பையைத் தட்டில் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டுத்தான் கொண்டுபோவேன்."

"ஏன்?"

"பாத்தா அவன் சிரிப்பான்."

"திரும்பி வந்ததும்?"

காலிக் கோப்பையை வாயில் வைத்து உறிஞ்சினான்.

"வெலிமிர், திரும்பி வந்ததும்?"

"நீ காதுல அந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டா இந்த வீட்டுல ஒருத்தன் இருக்கறதே உனக்குத் தெரியல. அந்த ஆஸ்திரியாக்காரிங்ககிட்ட என்ன குழைவு. எங்கிட்ட அப்படி ஒரு நாள் பேசியிருக்கியா?"

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறான். நான் குடைமிளகாய் செய்து போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.

நியாயம் கேட்கலாம் என்று எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் நிற்கும் பெண்களிடம் சொன்னேன். "அடப்பாவமே, எந்தப் பக்கத்துக் கிட்னி?" என்று கேட்டார்கள். அவன் அக்கா இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கம்பளிப் பட்டை பின்னி அனுப்பினாள். எனக்கு வேலை போனதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த நாட்டில் காற்றுக்குப் பயந்தவன்மேல் எந்த வழக்கும் நிற்காது.

ஆகஸ்ட் முதல் நாள் காலை சமையலறை ஜன்னலை முழுக்கத் திறந்தேன். எதிரே பால்கனிக் கதவையும் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க அவனுடைய மீன்பிடி பூட்ஸை முட்டுக் கொடுத்தேன். திரைச்சீலை கூரைவரை எழும்பியது. லேப்டாப்பை மேஜையில் வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, நல்ல சட்டையோடு உட்கார்ந்தேன்.

வெலிமிர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடைவழியிலேயே நின்றான். உள்ளே வரத் துணியவில்லை.

"சாத்து, தேசா. செத்துப் போயிருவ."

"எப்பவோ செத்தாச்சு. நீ போய்க் கம்பளியைக் கட்டிக்கோ."

விசிறிச் சத்தமே கேட்கவில்லை. அடியில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. இருட்டும்வரை அது ஒரு தடவைகூட அணையவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.