நான்கு பேர் தேவை

ரத்தினசாமி தன் உத்தியோக வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய், குண்டடத்தில் அக்கா மகனுக்குக் காதுகுத்து என்பதுதான். அந்தப் பையனுக்குக் காது குத்தி ஆறு வருஷம் ஆகிவிட்டது. சின்ன முதலாளி சிவசுப்பிரமணியம் அதையெல்லாம் தோண்டித் துருவுகிற ஆள் இல்லை. "போயிட்டு வாங்க ரத்தினம். நீங்க இல்லாம ஞாயித்துக்கிழமை ஆட்டம் சப்புன்னுதான் இருக்கும்" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டு, சனிக்கிழமை முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

ஆட்டம் என்றால் சீட்டோ கேரமோ என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயாலேயே ஒரு கதையை ஓட்டிக்கொண்டு போவது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஓடிப்போகிறேன்' என்று அதற்குள் புகுந்து புறப்படுவார்கள். 1993-ல் இங்கிலாந்தில் படிப்பை முடித்துவிட்டுத் திருப்பூர் திரும்பிய சிவசுப்பிரமணியம், அப்பாவின் பனியன் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டரும் தனக்குத் தலையணை தண்டியில் மூன்று புத்தகங்களும் கொண்டுவந்தார். உலகம் பூராவும் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஆடுகிறார்களாம். கத்தி, கேடயம், நெருப்புக் கக்கும் நாகம், இருபது முகம் உள்ள பகடை. ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் கம்பெனியிலேயே ஆள் பிடித்தார். ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் ரத்தினசாமி, கட்டிங் மாஸ்டர் மயில்சாமி, ஆபீஸ் ராசப்பன்.

ரத்தினசாமிக்கு ஆட்டம் என்றால் உயிர். அந்த மூன்று புத்தகம்தான் ஆகாது. வாரத்தில் ஆறு நாள் துணி எத்தனை கிராம், வேஸ்ட் எத்தனை கிலோ, பீஸ் எத்தனை டசன் என்று மண்டை காய்கிறவன், ஏழாம் நாளும் ஏசி ரூமில் உட்கார்ந்து, ஒரு கத்தி வீச்சுக்கு நாலு அட்டவணை புரட்டிக் கூட்டிக் கழிக்க வேண்டும். அதிலும் அவனுக்கு விதித்த வேஷம் காயத்துக்கு மருந்து போடும் சாமியார். ஒன்றரை வருஷமாக மயில்சாமிக்குக் கட்டுப் போட்டதைத் தவிர அவன் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லலாம்தான். சம்பளம் தருகிற வீட்டுப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

சரக்கைச் சரிபார்க்க வந்த டென்மார்க்காரர் ஒருவர், லாரி வராமல் இரண்டு நாள் கம்பெனியில் காத்துக் கிடந்தார். பேச்சுவாக்கில் இந்தச் சங்கடத்தைக் கேட்டவர், சிரித்துவிட்டு, போகும்போது இருபது பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவும் இதே மாதிரி ஆட்டம்தான். ஆனால் அட்டவணை கிடையாது, பகடை கிடையாது. ஒவ்வொரு வேஷத்துக்கும் ஓர் ஆசை, ஒரு பயம், அவ்வளவுதான். சிக்கல் வந்தால் பைக்குள் கையை விட்டு ஒரு பட்டன் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். கறுப்பு வந்தால் காரியம் கெட்டுப்போகும், எப்படிக் கெட்டது என்று எடுத்தவரே சொல்ல வேண்டும். ரத்தினசாமி அதை நாலு தரம் படித்தான். ஆட ஆள்தான் இல்லை. மயில்சாமியைக் கேட்டால் மறு நிமிஷம் சின்ன முதலாளி காதுக்குப் போய்விடும்.

ஒரு மாசம் யோசித்து யோசித்து, கடைசியில் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்தான். 'ஆட்கள் தேவை. நான்கு பேர். ஞாயிறு மதியம் மூன்று மணி. ஆண், பெண் இருபாலரும். பேசத் தெரிந்தால் போதும், முன் அனுபவம் வேண்டாம்' என்று மார்க்கர் பேனாவால் எழுதி, கீழே தன் லைன் வீட்டு விலாசத்தைப் போட்டு, திருப்பூர் ராயபுரம் டீக்கடைச் சுவரில் மாட்டினான். விளையாட்டு என்று மட்டும் எழுதவில்லை. ஞாயிறு மதியம் ஒரு ரூமுக்குள் நாலு பேர் விளையாட்டு என்றால், சீட்டாட்டம் என்று போலீஸ் வந்து நிற்கும் என்ற பயம்.

திருப்பூரில் சுவரில் 'ஆட்கள் தேவை' என்று கண்டால் அது பனியன் கம்பெனி வேலைக்கு என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நம் மேதாவிக்குத்தான் தோன்றவில்லை. மூன்று மணிக்குக் கதவைத் தட்டிய முத்தாத்தாள், பிசிர் வெட்டும் கத்திரியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நாற்பது வயது, பல்லடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.

"செக்கிங்ல பதினோரு வருசமுங்க சாமி. மிசினெல்லாம் எங்கீங்க?"

பின்னாலேயே அயர்ன் மாஸ்டர் சுப்பண்ணன், ஓவர்லாக் டெய்லர் கிட்டுசாமி, பெயர் சொல்லாத இன்னொருவர். ஷிப்டா, பீஸ் ரேட்டா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பாதி ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் என்னவென்று சொல்வது? ரத்தினசாமி தட்டுத் தடுமாறி, இது விளையாட்டு என்று சொல்லியே விட்டான். பெயர் சொல்லாதவர் ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

முத்தாத்தாள் போகவில்லை. "அடுத்த பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தானுங்க. அதுவரைக்கும் என்னமோ ஆடலாமுன்னீங்களே, ஆடுங்க பாக்கலாம்."

ரத்தினசாமி வேர்க்க வேர்க்க ஆரம்பித்தான். தாராபுரம் போகும் ஒரு தனியார் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே யாருடையதென்று தெரியாத ஒரு பை. சுப்பண்ணன் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை, பயம் மாமனார். கிட்டுசாமி டிரைவர். முத்தாத்தாள், கேட்கவே வேண்டாம், கண்டக்டர்.

முதல் பத்து நிமிஷம் கதை சொல்கிறவன் ஒருவன்தான் பேசினான். ரத்தினசாமி மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து போய்விடுவார்கள், தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள் என்று பயந்தான். அப்போது சுப்பண்ணன் கறுப்புப் பட்டன் எடுத்தார். எப்படிக் கெட்டது என்று அவரே சொல்ல வேண்டும்.

"அந்தப் பையிதானுங்க. தொறந்தா உள்ள பொண்ணோட அப்பன் போட்டோ. அவுரு இதே பஸ்ஸுல, எனக்குப் பின் சீட்டுல உக்காந்திருக்கறாருங்க."

"அடக் கெரகமே!" என்று முத்தாத்தாள் தொடையில் அடித்துச் சிரித்தாள். "மாப்பிள்ளைக்கு டிக்கெட்டு எடுத்தாச்சுங்களா? எடுக்கலீன்னா மாமனார் முன்னாலயே எறக்கி உட்ருவனுங்க!"

இதைத்தான் ரத்தினசாமி ஒன்றரை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் நீடித்தது.

வாசலில் கார் வந்து நின்றது. சிவசுப்பிரமணியம் உள்ளே வந்தார். கையில் அந்த அட்டை. ஏற்றுமதிப் பெட்டிகளின் மேல் தினமும் எழுதுகிற கையெழுத்து, கம்பெனியில் யாருக்குத்தான் தெரியாது?

"காதுகுத்து முடிஞ்சுதுங்களா ரத்தினம்?"

ரத்தினசாமி பட்டன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"டெய்லர், செக்கிங், அயர்ன். ஒரு யூனிட்டுக்கு வேண்டிய ஆளெல்லாம் இருக்கறாங்க" என்றார் சிவசுப்பிரமணியம். "ஆர்டர் குடுக்கறது அந்த டென்மார்க்காரரா? போன மாசம் வந்தப்ப ரெண்டு நாளும் அவருகூடத்தான் குசுகுசுன்னு பேசீட்டிருந்தீங்க. சொந்தமா கம்பெனி போடறதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டே போட்டிருக்கலாமில்லீங்க?"

'ஆமாங்க' என்று தலையாட்டிவிட்டால் போதும். இந்த ஊர் முதலாளிகளில் பாதிப் பேர் அப்படிக் கிளம்பியவர்கள்தான். வேலை போகும், மரியாதை போகாது. நாளைக்கே நாலு பேர் கைகுலுக்குவார்கள். உண்மையைச் சொன்னால் வேலை ஒருவேளை மிஞ்சும். ஆனால் அதைச் சொல்வதற்குக் கம்பெனி போடுவதே சுலபமாகத் தோன்றியது.

"இல்லீங்க சார். இது ஆட்டமுங்க. வேற புஸ்தகம். நம்ம... உங்க ஆட்டம் எனக்குப் புடிக்கலீங்க."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தேங்க."

சிவசுப்பிரமணியம் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முத்தாத்தாள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கெல்லாம் சம்பளம் எவ்வளவுங்க பேசியிருக்கறாரு?"

"சம்பளமெல்லாம் இல்லீங்க சாமி. வேலைன்னுதானுங்க வந்தோம். இல்லீன்னு சொல்லிப்போட்டாரு. செரி, இந்த பஸ்ஸு தாராபுரம் போய்ச் சேருதான்னு பாத்துட்டுப் போலாமுன்னு உக்காந்திருக்கறமுங்க."

அவர் அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மயில்சாமிக்கு?" என்று கேட்டார். "ராசப்பனுக்கு?"

அவங்களுக்கு ரொம்பப் புடிக்குமுங்க என்று சொல்ல வேண்டும். காதுகுத்துப் பொய்யைக் கண்ணிமைக்காமல் சொன்னவனுக்கு இந்தச் சின்னப் பொய் வாயில் வரவில்லை. எவ்வளவோ முயன்றான். சிவசுப்பிரமணியம் பதிலுக்குக் காத்திருந்தார், பிறகு புரிந்துகொண்டார்.

"நாளைக்கு சாம்பிள் அனுப்போணும். நேரத்துல வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ரத்தினசாமியின் நாற்காலி அவன் இடத்தில்தான் இருந்தது. கட்டிங் டேபிளில் மயில்சாமிக்கு வாயெல்லாம் பல். "இனி ஞாயித்துக்கிழமை ஆரும் வர வேண்டாமுன்னுட்டாருங்க. இனி பிள்ளைகளக் கூட்டிட்டு எங்காச்சும் போலாம், போங்க."

ரத்தினசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. பல லட்சம் பேர் புழங்குகிற ஊரில் ஆட ஒரு ஆள் கிடைக்காமல் அல்லாடுவது என்னவென்று அவனுக்குத் தெரியும். சிவசுப்பிரமணியமும் அதே மாதிரிதான் தேடியிருக்கிறார். கிடைத்துவிட்டதாக ஒன்றரை வருஷம் நம்பியும் இருக்கிறார். இவனுக்கு வெட்கமாக இருந்தது. சாம்பிளை அனுப்பிவிட்டு நேராக அவர் அறைக்குப் போனான்.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு எங்க ஊட்டுக்கு வர்றீங்களா? அவங்க மூணு பேரும் வர்றமுன்னிருக்கறாங்க. நாலு பேரு வேணும், ஒரு ஆள் கொறையுதுங்க."

சிவசுப்பிரமணியம் பைலிலிருந்து தலையைத் தூக்கினார். கோபமாக இல்லை.

"நான் வந்தா அவங்களுக்கும் புடிக்காமத்தான் இருக்கும், ரத்தினம். ஆனா சொல்ல மாட்டாங்க."

இல்லீங்க என்று சொல்ல வாயெடுத்த ரத்தினசாமி, தான் அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தான்.